ஆள் இல்லாத போட்டோ

போட்டோக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் மனப்பாடமான சட்டம் ஒன்று உண்டு: படத்தில் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆளுக்கு இரண்டு காதும் தெரிய வேண்டும்.

அந்தச் சட்டத்தை மீறியவள் நான். அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்து முனையில் எங்கள் வீட்டுக்காரர் போட்டோக் கடை வைத்திருக்கிறார். ஆம்பளைக்கு முன்னால் உட்கார மாட்டோம் என்கிற பெண்களைப் படம் பிடிப்பதற்காக எனக்கும் காமிராவைப் பழக்கிவிட்டார். எனக்கோ யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கக் கூச்சம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட பிறகுதான் மூச்சே சீராக வரும். அப்படியும் உள்ளே கண்ணாடியில் தலைகீழாகத் தெரிகிற முகம் என்னையே முறைக்கும். சுவர் முறைக்காது. படிக்கட்டு முறைக்காது. அதனால்தான் அந்தப் பக்கம் போனேன்.

படம் விழுகிற கண்ணாடிப் பிளேட்டுகளின் பெட்டியைத் தவறிப்போய் வெளிச்சத்தில் திறந்துவிட்டால் அவற்றின் ஓரம் மங்கிப் புகைந்துபோகும். வாடிக்கைக்காரர்களுக்கு அது உதவாது. அப்படி ஒதுக்கியதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் மகள் பாப்பா தூங்குகிற மத்தியான நேரத்தில் பக்கத்துத் தெருக்களில் கண்ணில் பட்டதைப் பிடித்தேன். தகரக் கதவில் துரு வழிந்த கோடு, படியில் மடிந்து மடிந்து இறங்கும் ஓட்டு நிழல், இப்படி. ஒரு நாள் அடுத்த சந்தில் ஒரு வீட்டின் பக்கச் சுவரைப் பிடித்தேன். சுண்ணாம்பு உதிர்ந்து, அடியில் பழைய நீலம் தெரிந்து, அதற்கும் அடியில் செங்கல் எட்டிப் பார்க்கும் சுவர். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு விரிசல் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும். வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு உதிர்வுக்கும் தனித்தனியாக நிழல் இருக்கும்.

அச்சுப் போட்டு எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன். நேராகப் பார்த்தார். தலைகீழாகப் பார்த்தார். பிறகு ஒரு தீர்ப்புச் சொன்னார்: "வாசல் கண்ணாடிப் பெட்டியில ஒரு மூலையில இத வைக்கிறேன். சித்திரைத் திருவிழாக் கொடி ஏறுறதுக்குள்ள வெளியாளு ஒருத்தர், ஒரே ஒருத்தர், நல்லாருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் மத்தியானத்துல காமிரா உனக்குத்தான். சொல்லலேன்னா இந்தப் பிளேட்டு அம்புட்டையும் கழுவிருவோம்." கழுவுவது என்றால் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊற வைத்து, படத்தைச் சுரண்டி எடுத்து, வெறும் கண்ணாடி ஆக்குவது. திருவிழாச் சமயத்தில் திருக்கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட அந்தக் கண்ணாடி உதவும். எல்லாக் கடையிலும் நடப்பதுதான். அப்போது தை மாதம். எனக்கு மூன்று மாதம் இருந்தது.

சோறு வடித்து, பிள்ளையைத் தூங்க வைத்து, மிச்சமிருக்கிற அரை மணி நேரத்தில் தனக்கென்று ஒரு வேலை செய்யப் பார்க்கிற அக்காமார்களே, தங்கச்சிமார்களே! உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வாய்விட்டுச் சண்டை போட வராது. அன்றைக்குச் சொல்ல முடியாமல் விழுங்கியதை எல்லாம் இங்கே இறக்கி வைக்கிறேன்.

முதல் வாடிக்கை

படத்தை வைத்த மறுநாளே திருமங்கலத்திலிருந்து புதுக் கல்யாண ஜோடி வந்தது. மாப்பிள்ளையோடு அவருடைய தாய்மாமன். பெண்ணை நான் பின்கட்டில் பூ வைத்துத் தயார் செய்துகொண்டிருந்தேன். வாசலில் மாமன் கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பது திரை இடுக்கில் தெரிந்தது. ஒவ்வொரு படமாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். "இது ஜமீன் வீட்டு ஆளு போல. இது வாத்தியாரு. இது அண்ணன் தம்பி." விரல் என் படத்தில் வந்து நின்றது. எனக்குக் கையில் இருந்த பூ நழுவியது.

வெகு நேரம் பார்த்தார். மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தார். நல்ல வார்த்தை வரப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன், மடச்சி. அவர் எங்கள் வீட்டுக்காரரிடம் திரும்பி, துக்கம் விசாரிப்பது போலக் கேட்டார்:

"ஏண்ணே, நீங்க பிடிக்கிறதுக்குள்ள ஆளு எந்திரிச்சுப் போயிட்டாராக்கும்?"

மரக்கடை

ரயிலடிக்குப் போகிற ரோட்டில் ஒரு மரக்கடை. அறுத்த தடிகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருப்பார்கள். தடிகளின் வெட்டு முகம் மட்டும் ரோட்டைப் பார்த்து இருக்கும். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டம், பெரிதும் சிறிதுமாக. எத்தனை நாளாகவோ கண் வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, காமிராவை முக்காலியோடு தோளில் சாய்த்துக்கொண்டு போய், கடைக்காரரிடம் ஜாடையிலேயே கேட்டு நிறுத்திவிட்டேன். துணிக்குள் தலையை விட்டு வட்டங்களைச் சரி பார்த்தேன். நன்றாக இருந்தது. திடீரென்று கண்ணாடியில் மேலே இருந்து கால்கள் தொங்கின. ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு ஜோடி!

வெளியே தலையை நீட்டிப் பார்த்தால், சுமை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர், வெற்றிலை வாங்க வந்தவர் எல்லோரும் மரத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். தலைப்பாகையைச் சரி செய்தாகிவிட்டது. கைகளைத் தொடை மேல் ஒட்டி வைத்தாகிவிட்டது. விலகுங்கள் என்று சொல்ல என் வாய் திறந்தால்தானே? திரும்பவும் துணிக்குள் போய்விட்டேன். அவர்களாகப் போகட்டும் என்று காத்திருந்தேன். அவர்களோ நான் இன்னும் பிடிக்கவில்லை என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் பாப்பா அழுதாள். ஒரு பிளேட்டு கூட எடுக்காமல் எல்லாவற்றையும் மடக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் வண்டிக்காரர் கடைக்கு வந்து தன் படத்தைக் கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் சமாதானமாகச் சொல்லிப் பார்த்தார். மரத்தைத்தான் பிடிக்க வந்தாள், ஆளை இல்லை என்றார். வண்டிக்காரருக்கு வந்ததே ஆத்திரம்! எனக்கும் ஆத்திரம்தான், ஆனால் அவருடையதுதான் தெருவுக்கே கேட்டது.

"மரத்தைப் பிடிக்க வந்த பொம்பள, நாங்க அம்புட்டுப் பேரும் கண்ணு கொட்டாம நிக்கிறப்பவே சொல்லணுமா இல்லையா? மரமா கண்ணு கொட்டுது?"

ஆயுசு

பெண்கள் என்றால் விட்டுவிடுவார்களா? கடைக்கு வருகிற பெண்களுக்கு நான் திரைக்குள் ஆள், அதனால் தைரியமாகப் பேசுவார்கள். பழங்காநத்தத்திலிருந்து ஒரு அம்மாள் தன் மகளோடு வந்திருந்தார். மகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்குப் படம். மகள் வாசல் படத்தைப் பார்த்துவிட்டு என்ன அது என்று கேட்டாள். கேட்டது ஆசையாகத்தான் கேட்டாள், அது எனக்குத் தெரியும். அவள் வாயிலிருந்து இன்னொரு வார்த்தை வந்திருந்தால் என் காமிரா அன்றைக்கே பிழைத்திருக்கும். அதற்குள் அந்த அம்மாள் அவள் கண்ணைப் பொத்திவிட்டார். வெடித்த சுவரை வயிற்றுப் பிள்ளைக்காரி பார்க்கக் கூடாதாம்.

அது போகட்டும். பிறகு பாப்பாவைக் காட்டி, "இவ படம் எங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள். பச்சைப் பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று என் மாமியார் உத்தரவு. போட்டோப் பிடித்துச் சோறு தின்கிற வீட்டில்! ஊரார் ஆயுசு எவ்வளவு குறைந்தாலும் எங்களுக்குப் பரவாயில்லை போலிருக்கிறது. இதை அந்த அம்மாளிடம் சொன்னால் என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னது:

"உன் மாமியா சொல்றது சரிதான். அதான் நீ சுவத்தைப் பிடிச்சே, அது வெடிச்சுக் கெடக்கு."

முனிசிபல் மேஸ்திரி

சாயப்பட்டறைத் தெருவில் சாயத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் மாசி வெயிலில் காய்ந்து, சேறு பாளம் பாளமாக வெடித்து ஓரங்கள் சுருண்டு நிற்கும். நெருங்கிப் பார்த்தால் உடைந்த அப்பளங்களை அடுக்கியது மாதிரி. நாற்றம் தாங்காதுதான். மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, காமிராவைக் கீழ் நோக்கிச் சாய்த்து இரண்டு பிளேட்டு பிடித்தேன். வெயில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் சுருள்களின் நிழல் நீளும், நாளைக்கு வந்து மூன்றாவது பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

மறுநாள் போனால் வாய்க்கால் கண்ணாடியாகத் துலங்கியது. சேறு இல்லை. சுருள் இல்லை. ஓரத்தில் வெள்ளைப் பொடி வேறு தூவியிருந்தது. தெருப் பெண்கள் என்னைக் கண்டதும் ஓடி வந்தார்கள். ரெண்டு வருசமாக மனுப் போட்டும் வராத முனிசிபல் ஆட்கள், படப்பெட்டியைப் பார்த்துவிட்டு விடியுமுன் வந்து அள்ளிப் போட்டார்களாம். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், பாப்பாவுக்கு முறுக்குக் கொடுத்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பின்பக்கத்துக் கக்கூஸையும் ஒரு படம் பிடிச்சிரு தாயி" என்றாள். படம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. அந்தத் தெரு சுத்தமானதில் எனக்குச் சந்தோசம் இல்லாமல் இல்லை. ஆனால் என் நிழலை யார் திருப்பித் தருவார்கள்?

திரும்புகிற வழியில் முனிசிபல் மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார். காக்கி உடுப்பு, கையில் தடி. நான் நடுங்கிப்போனேன். என்னைவிட அவர் நடுங்கிக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"இந்தாம்மா, பழைய படத்தை மேல அனுப்பிராத, எங்க வாய்க்காலு நல்லாருக்குன்னு புதுசா ஒண்ணு பிடிச்சு அனுப்பு."

பென்சில் பிடித்த கை

எங்கள் கடையில் டச்சிங் செய்கிறவர் சுப்பையா அண்ணன். டச்சிங் என்றால் அச்சுப் போடுவதற்கு முன்னால் பிளேட்டில் இருக்கிற முகத்தைத் திருத்துவது. கூரான பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பார், சின்னக் கத்தியால் வேண்டாததைச் சுரண்டி எடுப்பார். அவர் கைக்குப் போய் வந்தால் அறுபது வயதுக்காரர் இருபத்தைந்து ஆகிவிடுவார். நல்ல மனிதர். சுவர்ப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத ஒரே ஆள் அவர்தான், அதனால் அவர் மேல் எனக்கு மரியாதை.

பங்குனி வெயிலில் வாசல் படம் மஞ்சளடித்துவிட்டது. இன்னொரு அச்சுப் போடலாம் என்று சுவர் பிளேட்டை எடுத்து வந்தேன். பாப்பா அழும் சத்தம் கேட்டது. கையிலிருந்ததை அவர் மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். அவளுக்குச் சோறு ஊட்டி, கழுவிவிட்டு, திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும். சுப்பையா அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பிளேட்டை என்னிடம் பெருமையாக நீட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரிசல் இல்லை! கிளை இல்லை! உதிர்வு ஒவ்வொன்றையும் தேடித் தேடி அடைத்திருந்தார். பென்சிலை டர்ப்பன்டைன் போட்டுத் துடைத்துவிடலாம். கத்தியால் சுரண்டியதை எதைக் கொண்டு ஒட்டுவது?

இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏச முடியவில்லை. அவர் என்ன தப்புச் செய்தார்? மேஜையில் வந்ததை அழகாக்குவதுதானே அவர் வேலை? ஆனாலும் அக்காமார்களே, நாலு நாள் அவருக்குக் காப்பி கொடுக்கும்போது டம்ளரை 'டக்'கென்று வைத்தேன். என் ஏச்சு அவ்வளவுதான். அன்றைக்கு இருட்டறைக் கதவுக்கு வெளியே நின்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது:

"என்ன தங்கச்சி, இன்னும் ரெண்டு வெடிப்பு விட்டுப்போச்சா?"

சுவரின் சொந்தக்காரர்

இப்போது எனக்கு மிச்சம் வாசலில் மஞ்சளடித்த அந்த ஒரே அச்சு. கொடி ஏற இன்னும் பதினைந்து நாள் இருந்தது. இருந்தாலும் பாதகமில்லை, சுவர்தான் அடுத்த சந்தில் இருக்கிறதே, திரும்பப் பிடித்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலமே அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் வந்தார். விளாங்குடியில் வயல், அடுத்த சந்தில் வீடு. இத்தனை நாள் இந்தப் பக்கம் வராதவர். எந்தப் புண்ணியவானோ அவரிடம் போய், உன் வீட்டுச் சுவர் போட்டோக் கடையில் தொங்குகிறது என்று சொல்லியிருக்கிறான்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சத்தம் போட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரமாம். சுவரே இந்த லட்சணம் என்றால் வீட்டுக்குள் என்ன இருக்கும் என்று ஊரார் நினைக்க மாட்டார்களா என்றார். எங்கள் வீட்டுக்காரர் குரல் சன்னமாகிவிட்டது. கொடி ஏறும் வரைக்கும் தவணை, அதற்குள் எடுத்துவிடுகிறேன் என்றார். திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சுவர் தெருவில் நிற்கிறது, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கிறார்கள். அப்போது வராத அவமானம் அரை முழக் காகிதத்தில் வந்துவிட்டதா? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் காமிராவோடு ஓடினேன். சாரம் கட்டி, ரெண்டு கொத்தனார் காரை பூசிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் சுவர் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. சுவரும் போனது, பிளேட்டும் போனது. வீட்டு வாசலில் நின்றிருந்த சொந்தக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு சொன்னார்:

"இப்பப் பிடி தாயி, எம்புட்டு வேணும்னாலும் பிடி!"

ஒரு கேள்வி

கொடியேற்றத்துக்கு முந்தின நாள். வீதியெல்லாம் பந்தல் கால் ஊன்றுகிறார்கள். வாசல் பெட்டியில் என் மூலைக்குப் புது ஜோடியின் படம் ஒன்று தயாராக இருந்தது. சோடா உப்பும் வாங்கி வைத்தாகிவிட்டது. மூன்று மாதத்தில் ஒரு வெளியாள் கூட நல்லாருக்கு என்று சொல்லவில்லை. என் பிளேட்டுகளை நானே துணியில் சுற்றி வைத்துவிட்டேன், வேறு யாரும் வந்து தொட வேண்டாம் என்று. அந்த நேரத்தில் சுவர்க்காரர் திரும்ப வந்தார். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது.

விசயம் இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் அவர் சுவரை ஒட்டிக் கிணறு வெட்டியிருக்கிறார். அதனால்தான் சுவர் வெடித்தது என்று இவர் வழக்குப் போட்டிருக்கிறார். வக்கீல், எங்கே வெடிப்பைக் காட்டு என்றாராம். வெடிப்பைத்தான் இவரே பூசி, வெள்ளையும் அடித்துவிட்டாரே! வாசல் பெட்டியைப் பார்த்து, "ஆகா, ரொம்ப நல்ல படம்ணே! இதைவிட நல்லா யாரு பிடிக்க முடியும்?" என்றார். எங்கள் வீட்டுக்காரர் திரைப் பக்கம் திரும்பி, "கேட்டியா புள்ள, வெளியாளு சொல்லிட்டாரு. காமிரா உனக்குத்தான்" என்றார். அவருக்கும் சந்தோசம்தான், முகத்தில் தெரிந்தது.

எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. வக்கீலுக்காகச் சொன்ன நல்ல வார்த்தையை வைத்து என் காமிராவை நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா? நேற்று வரைக்கும் மானம் போகிறது என்றவர்தானே? வேண்டாம் என்று சொன்னால் பிளேட்டுகள் வெந்நீருக்குப் போகும். அதுவும் தெரியும். தெரிந்தேதான் திரையை விலக்கினேன். வாடிக்கைக்காரர் முன்னால் வந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை. குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "அது கணக்குல சேராதுங்க" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, சுவர்க்காரரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டேன்: "உங்களுக்குப் படம் நல்லாருக்கா, இல்ல வெடிப்பு தெரியுறது நல்லாருக்கா?"

சுப்பையா அண்ணன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். சுவர்க்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். இந்தத் தடவை அவசரம் இல்லை. விரலால் கண்ணாடி மேல் மெதுவாக விரிசலைத் தொட்டுக்கொண்டே வந்தார், மேலிருந்து கீழே, கிளை பிரிகிற இடத்தில் நின்று, அப்புறம் அதன் வழியாக. பிறகு சொன்னார்:

"வெடிப்பை எடுத்துட்டா இதுல என்ன தாயி இருக்கு? இருவது வருசமா அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கேன். அது எங்க ஆரம்பிச்சு எங்க போகுதுன்னு உன் படத்துலதான் மொதமொதப் பார்த்தேன்."

காமிரா என் கையில் நின்றுவிட்டது, பிளேட்டுகளும் தப்பித்தன. ஆனாலும் மூன்று மாதம் மதுரைச் சனம் முழுக்கப் பார்த்துப் போன என் படத்தை உள்ளபடி பார்த்தவர் ஒரே ஒருத்தர்தான், அவரும் வக்கீல் சொல்லித்தான் பார்க்க வந்தார்.